தீவுகள் தொடுத்த வினா

நுழையும்முன்

மீன்வளத்தைக் காப்பதற்கு வலையின் கண்ணளவும் படகின் திறனும் வரையறுக்கப்பட்டால் போதும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கடலே சூடேறத் தொடங்கியபின் அந்த எண்ணம் மாறியது. மீன்பிடித் தொழிலை நம்பி வாழும் சில சிறிய தீவு நாடுகள், படைவலிமையோ பணவலிமையோ இன்றி, சட்டத்தின் சொற்களைத் துணைகொண்டு உலகின் பெரிய நாடுகளை நோக்கி ஒரு வினாவைத் தொடுத்தன. அவ்வினாவின் வரலாற்றையும் அதற்குக் கிடைத்த விடையையும் இப்பாடம் விளக்குகிறது.

முழங்காலளவு நீரில்

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பசிபிக் பெருங்கடலில் உள்ள துவாலு நாட்டின் அமைச்சர் சைமன் கோஃபே, கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, முழங்காலளவு கடல்நீரில் நின்றவாறு உரையாற்றினார். கிளாஸ்கோ நகரில் நடந்த காலநிலை மாநாட்டுக்காகப் பதிவுசெய்யப்பட்ட உரை அது. உலகச் செய்தித்தாள்கள் அப்படத்தை வெளியிட்டன. பார்த்தவர் வருந்தினர், பிறகு மறந்தனர். படங்களின் இயல்பு அது.

துவாலு ஒன்பது சிறு தீவுகளாலானது. நிலப்பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 11,000 பேர். தமிழ்நாட்டின் ஒரு பேரூராட்சியில் வாழ்வோர் அளவே. நிலத்தின் மிக உயரமான இடமும் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டரைத் தாண்டாது. ஆனால், அந்நாட்டிற்கு உரிமையான கடற்பரப்போ ஏழு இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. தமிழ்நாட்டின் பரப்பைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். நிலத்தால் சிறிய நாடு, நீரால் பெரிய நாடு எனலாம்.

அந்த நீரில் சூரை மீன்கள் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. அவற்றைப் பிடிக்க வரும் அயல்நாட்டுக் கப்பல்கள் செலுத்தும் உரிமக் கட்டணமே துவாலு அரசின் வருவாயில் ஒரு பெரும்பகுதி. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவிடப்படும் பணத்தில் சூரை மீனின் பங்கு உண்டு. கடல் உயர்ந்தால் நிலம் போகும். கடல் சூடேறினால் மீன் போகும். இரண்டுக்கும் காரணமான புகையில் துவாலுவின் பங்கு கணக்கில் கொள்ளத்தக்க அளவினதன்று.

இத்தகைய நாடு யாரிடம் முறையிடும்? மாநாடுகளில் பேசலாம், பேசியது. கடலில் நின்றும் பேசியது. அம்மாநாடு தொடங்கிய அக்டோபர் 31 அன்றே, அதிகம் கவனிக்கப்படாத மற்றொரு செயலையும் அது செய்திருந்தது. கரீபியன் கடலில் உள்ள ஆன்டிகுவா–பார்புடா என்னும் தீவு நாட்டுடன் சேர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. படத்தைவிட அந்த ஒப்பந்தம் நெடுந்தூரம் சென்றது. அது ஏன் என்பதை அறிய, கடலுக்கான சட்டம் பிறந்த கதையைச் சற்றே அறிய வேண்டும்.

கடலுக்கு எழுதிய சாசனம்

கடற்கரையிலிருந்து சில கல் தொலைவு வரை கரையோர நாட்டுக்கு. அதற்கப்பால் எவருக்கும் உரிமையில்லை, எல்லார்க்கும் உரிமை உண்டு. பல நூற்றாண்டுகளாக நிலவிய வழக்கம் இது. எட்டாத ஆழத்தையும் எட்டும் கருவிகள் வந்தபின் இவ்வழக்கம் வலியவர்க்கே பயன்பட்டது. 1967ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், மால்டா நாட்டின் தூதர் அர்விட் பார்டோ ஐக்கிய நாடுகள் அவையில் நீண்ட உரையாற்றி, ஆழ்கடலின் தரை மானுடம் முழுமைக்கும் பொதுவான செல்வம் என அறிவிக்க வேண்டும் என்று கேட்டார். மால்டாவும் ஒரு தீவு. அப்போது விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவ்வுரை எழுப்பிய விவாதம் 1973இல் ஒரு பெருமாநாடாக வளர்ந்தது. ஒன்பது ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 1982ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று ஜமைக்காவின் மான்டிகோ பே நகரில் கடற்சட்டத்துக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. 320 உறுப்புகள் கொண்ட அவ்வுடன்படிக்கை 1994 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1995இல் அதனை ஏற்று உறுதிசெய்தது.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஒரு நாட்டின் ஆட்சிக்கடல். 200 கடல் மைல் வரை அந்நாட்டின் தனிப் பொருளாதார மண்டலம். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். இம்மண்டலத்தில் உள்ள மீன் உள்ளிட்ட வளங்களின்மீது கரையோர நாட்டுக்கே முதலுரிமை. துவாலுவைப் போன்ற நாடுகளைச் செல்வமுள்ளவையாக்கியது இந்த ஒரு விதிதான். ஆனால், உரிமை தந்த கையோடு உடன்படிக்கை கடமையையும் தந்தது. மிகைப்பிடிப்பால் மீன்வளம் அழியாமல் காக்க வேண்டும் என்கிறது 61ஆம் உறுப்பு. கடற்சூழலைப் பேணிக் காக்கும் கடமை எல்லா நாடுகளுக்கும் உண்டு என்கிறது 192ஆம் உறுப்பு. விதிவிலக்கோ நிபந்தனையோ இல்லாத ஒற்றை வரி அது.

உடன்படிக்கையின் பொருள்பற்றி நாடுகளிடையே வழக்கு எழுந்தால் தீர்ப்பதற்கென ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பன்னாட்டுக் கடற்சட்டத் தீர்ப்பாயம் 1996இல் நிறுவப்பட்டது. அதில் 21 நீதிபதிகள். ஒவ்வொருவருக்கும் ஒன்பது ஆண்டுப் பதவிக்காலம்.

கொடியும் கடமையும்

தீவு நாடுகளுக்கு வழிகாட்டியது மேற்கு ஆப்பிரிக்கா. செனகல், மொரித்தானியா, காம்பியா, கினி, கினி பிசாவு, கேப் வெர்டே, சியரா லியோன் ஆகிய ஏழு நாடுகள் மீன்வளத்துக்காக ஒரு கூட்டாணையம் அமைத்திருந்தன. அதன் தலைமையிடம் செனகலின் டக்கார் நகரம். அக்கரையை ஒட்டிய கடல் உலகின் வளமான மீன்பிடிப் பரப்புகளுள் ஒன்று. மத்தி இனத்து மீன்கள் அங்கே ஏழைகளின் உணவு. அயல்நாட்டுப் பெருங்கப்பல்கள் அனுமதியின்றி நுழைந்தும், அனுமதி பெற்றவை கணக்கில் காட்டாமலும் அள்ளிச் சென்றன. நாட்டுப்படகுகளில் செல்லும் உள்ளூர் மீனவர் ஒவ்வோர் ஆண்டும் மேலும் தொலைவு செல்ல வேண்டியதாயிற்று. காவற்படகுகள் சிலவே உள்ள நாடு எத்தனைக் கப்பல்களைத் துரத்திப் பிடிக்கும்?

கப்பலைப் பிடிக்க இயலாவிட்டால் அதன் கொடியைப் பிடிக்கலாம் என்பதே அவ்வாணையம் கண்ட வழி. ஒவ்வொரு கப்பலும் ஏதேனும் ஒரு நாட்டில் பதிவுசெய்யப்பட்டு அந்நாட்டின் கொடியை ஏந்திச் செல்கிறது. தன் கொடியை ஏந்திய கப்பல் இன்னொரு நாட்டின் கடலில் திருட்டு மீன்பிடிப்பில் ஈடுபட்டால் கொடிக்குரிய நாட்டுக்குப் பொறுப்பு உண்டா? 2013இல் இவ்வினாவை ஆணையம் ஹாம்பர்க் தீர்ப்பாயத்தின்முன் வைத்தது. எவர்மீதும் தொடுக்கப்பட்ட வழக்கு அன்று அது. சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கம் கேட்கும் விண்ணப்பம். அவ்வாறு தரப்படும் விளக்கம் கருத்துரை எனப்படும்.

சீனா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் மறுப்புத் தெரிவித்தன. முழுத் தீர்ப்பாயம் கருத்துரை வழங்கலாம் என்று உடன்படிக்கையில் எங்கும் வெளிப்படையாக எழுதப்படவில்லை என்பது அவற்றின் வாதம். தீர்ப்பாயமோ தன் அமைப்புவிதியின் 21ஆம் உறுப்பைச் சுட்டியது. வேறோர் ஒப்பந்தம் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் அளித்தால் அதன்படியும் செயற்படலாம் என்பது அவ்வுறுப்பின் பொருள். 2015 ஏப்ரல் 2 அன்று கருத்துரை வெளிவந்தது. தன் கொடிக் கப்பல்கள் திருட்டு மீன்பிடிப்பில் ஈடுபடாதவாறு தடுக்க உரிய கவனத்துடன் முயல்வது கொடி நாட்டின் கடமை. கரையோர நாடு புகார் அளித்தால் விசாரித்து, எடுத்த நடவடிக்கையை அந்நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் எனத் தீர்ப்பாயம் கூறியது.

'உரிய கவனம்' என்னும் இத்தொடரை நினைவிற் கொள்ள வேண்டும். நோயைக் குணமாக்கியே தீர்வேன் என்று மருத்துவர் உறுதி தருவதில்லை. ஆயினும், கற்ற கல்வியையும் கிடைக்கும் மருந்தையும் முழுமையாகப் பயன்படுத்தி மருத்துவம் செய்யக் கடமைப்பட்டவர். செய்யத் தவறினால் அது குற்றம். விளைவுக்கன்று, முயற்சிக்குப் பொறுப்பேற்கும் இவ்வகைக் கடமையே உரிய கவனம் என்பது. மேம்போக்காக நோக்கினால் மென்மையான சொல்லாகத் தோன்றும். முயற்சியின் தரத்தை அளக்கும் அளவுகோல் யாருடையது என்று கேட்கும்போதுதான் அதன் கூர்மை தெரியும்.

திறவுகோல் செய்த தீவுகள்

2015 கருத்துரையைத் தீவு நாடுகளின் சட்ட அறிஞர்கள் கூர்ந்து படித்தனர். 'வேறோர் ஒப்பந்தம் அதிகாரம் அளித்தால்' என்ற இடத்தில் ஒரு கதவு இருந்தது. அக்கதவுக்கு ஏற்ற திறவுகோலாகவே 2021 அக்டோபர் 31 ஒப்பந்தம் வடிக்கப்பட்டது. காலநிலை மாற்றம், பன்னாட்டுச் சட்டம் ஆகியவற்றுக்கான சிறு தீவு நாடுகளின் ஆணையம் அதன்வழி உருவாயிற்று. கடற்சட்டத் தீர்ப்பாயத்திடம் கருத்துரை கேட்கும் உரிமை ஆணையத்துக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தனர். பலாவ், நியுவே, வனுவாட்டு, செயின்ட் லூசியா முதலிய நாடுகள் பின்னர் இணைந்தன.

2022 டிசம்பர் 12 அன்று விண்ணப்பம் ஹாம்பர்க் சென்றது. கேட்கப்பட்ட வினா இரு பகுதிகளைக் கொண்டது. காலநிலை மாற்றத்தால் கடலுக்கு நேரும் மாசினைத் தடுக்கவும் குறைக்கவும் கட்டுப்படுத்தவும் நாடுகளுக்குள்ள கடமைகள் எவை என்பது ஒன்று. கடல் சூடேறுதல், கடல்மட்ட உயர்வு, கடல்நீர் அமிலமாதல் ஆகியவற்றிலிருந்து கடற்சூழலைக் காக்கும் கடமைகள் எவை என்பது மற்றொன்று. 2023 செப்டம்பரில் இரு வாரம் வாய்மொழி விசாரணை நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் தத்தம் வாதங்களை எடுத்துரைத்தன. துவாலு, ஆன்டிகுவா–பார்புடா நாடுகளின் தலைமை அமைச்சர்களே நேரில் வந்து பேசினர்.

மூன்று சொற்களின் உரை

தீர்ப்பாயத்தின் முன் ஒரு பெருந்தடை நின்றது. 1982இல் எழுதிய உடன்படிக்கையில் காலநிலை மாற்றம் என்ற சொல்லே இல்லை. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. உடன்படிக்கை உருவானதே 1992இல்தான். இல்லாத சொல்லுக்குப் பொருள் காண்பது எவ்வாறு?

பழைய நூலுக்கு உரை எழுதுவோர் அறிந்த சிக்கல் இது. நூற்பாவில் உள்ள சொற்களை ஒன்றொன்றாக எடுத்து, ஒவ்வொன்றும் எதுவரை நீளும் என்று பார்ப்பது உரையாசிரியர் மரபு. வெளிப்படக் கூறாததைக் கூறியதன்வழி அறிவதைத் தொல்காப்பியம் 'உய்த்துக்கொண்டு உணர்தல்' என்னும் உத்தியாகச் சுட்டுகிறது. ஹாம்பர்க் நீதிபதிகள் செய்ததும் ஏறத்தாழ இதுவே. அவர்கள் எடுத்துக்கொண்டது உடன்படிக்கையின் முதல் உறுப்பில் உள்ள கடல் மாசு என்பதன் வரையறை. மனிதர் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒரு பொருளையோ ஆற்றலையோ கடலில் சேர்ப்பதும், அதனால் கடல்வாழ் உயிர்க்கும் மீன்பிடித்தல் முதலிய தொழில்களுக்கும் தீங்கு விளைவதும் அல்லது விளையக்கூடுவதும் மாசு என்பது அவ்வரையறையின் சுருக்கம்.

முதலில், பொருளும் ஆற்றலும். மாசு என்றவுடன் எண்ணெயும் சாக்கடையும் நெகிழியுமே நினைவுக்கு வரும். இவை அனைத்தும் பொருள்கள். கரியமில வாயுவும் ஒரு பொருள் என்பதில் வேதியியல் படித்த எவர்க்கும் ஐயமிராது. நுட்பம் 'ஆற்றல்' என்ற சொல்லில் உள்ளது. கடலோர மின்நிலையம் வெளியேற்றும் வெந்நீரில் நஞ்சு ஏதும் இல்லாதிருக்கலாம்; ஆனால், வெப்பம் உண்டு. வெப்பம் ஓர் ஆற்றல். புவியின் காற்றுமண்டலத்தில் சிக்கிய மிகை வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டதைக் கடலே உள்வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஒற்றைச் சொல் வரையறையில் இல்லாதிருந்தால், கடல் சூடேறுவதை மாசு எனக் கூறுவது கடினமாகியிருக்கும்.

அடுத்தது, மறைமுகமாக என்னும் சொல். எந்தத் தொழிற்சாலையும் கரியமில வாயுவைக் குழாய் வைத்துக் கடலில் விடுவதில்லை. புகைபோக்கி வழியே அது காற்றில் கலக்கிறது; காற்றிலிருந்து கடல் அதை உறிஞ்சுகிறது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடலில் கரைகிறது. கரைந்தது நீருடன் வினைபுரிந்து கார்பானிக் அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல்மேற்பரப்பின் கார அமில அளவு இன்று ஏறத்தாழ 8.1. வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆனால், அவ்வளவு மடக்கை முறையில் அமைந்தது என்பதால் நீரின் அமிலத்தன்மை கால்பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. சிப்பியும் பவளமும் தம் ஓட்டினைக் கட்டுவதற்குத் தேவையான கார்பனேட்டு அயனிகள் அந்நீரில் குறைந்துவருகின்றன.

மூன்றாவது, விளையக்கூடும் என்ற சொல். தீங்கு முழுமையாக நேர்ந்தபின்னரே சட்டம் விழிக்க வேண்டும் என்பதில்லை. நேரும் வாய்ப்பு உண்டெனின் கடமை பிறந்துவிடுகிறது. பவளத்திட்டுகள் வெளிறுவதும், சூடான நீரில் உயிர்வளி குறைவதும், மீனினங்கள் இடம்பெயர்வதும் முன்பே அறிவியல் பதிவுசெய்தவை. எனவே இங்கே தீங்கு நேர்ந்தும் உள்ளது, நேரவும் கூடும்.

2024ஆம் ஆண்டு மே 21 அன்று தீர்ப்பாயம் ஒருமனதாகத் தன் கருத்துரையை வெளியிட்டது. மனிதர் வெளியிடும் பசுமை இல்ல வாயுக்கள் கடலை மாசுபடுத்துபவை. அவற்றைத் தடுக்க, குறைக்க, கட்டுப்படுத்தத் தேவையான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுப்பது 194ஆம் உறுப்பின்படி நாடுகளின் கடமை. அதற்குக் காட்ட வேண்டிய உரிய கவனம், இடரின் கடுமை கருதி, மிகக் கடுமையானதாக இருத்தல் வேண்டும்.

இதனை மறுத்த நாடுகளின் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. காலநிலைக்கென்றே 2015இல் பாரிசு ஒப்பந்தம் உருவாயிற்று. அதனைப் பின்பற்றினால் போதாதா, பழைய கடற்சட்டத்தை ஏன் இதற்குள் இழுக்க வேண்டும் என்று அவை கேட்டன. பாரிசு ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே வகுத்துக்கொள்கிறது. தேர்வெழுதுபவரே வினாத்தாளையும் அமைத்துக்கொள்வது போன்றது அது. கடற்சட்டக் கடமையோ நாட்டின் விருப்பத்தால் அளக்கப்படுவதன்று. சிறந்த அறிவியல் சான்றுகளும், புவிவெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தும் உலகப் பொதுநோக்கும் அங்கே அளவுகோல்களாகக் கருதப்படுகின்றன. பாரிசு ஒப்பந்தத்தை நிறைவேற்றிவிட்டதாலேயே கடற்சட்டக் கடமையும் தானாக நிறைவேறிவிடாது எனத் தீர்ப்பாயம் கூறியது. வளர்ந்த நாடுகளையும் வளரும் நாடுகளையும் ஒரே தட்டில் அது நிறுத்தவுமில்லை. நாட்டின் திறனுக்கும் வளத்துக்கும் ஏற்ப முயற்சியின் அளவு மாறும். எளிய நாடுகளுக்கு உதவுவதும் கடமையே.

தெரிந்து தெளிவோம்

இந்திய அரசமைப்பின் 48-அ உறுப்பு சுற்றுச்சூழலைக் காப்பதை அரசின் நெறியாகவும், 51-அ உறுப்பு அதனைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகவும் கூறுகின்றன. இவ்விரண்டும் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டவை. ஹாம்பர்க் கருத்துரைக்கு இரு மாதங்களுக்கு முன், 2024 மார்ச்சில், கானமயில் பறவையின் பாதுகாப்புத் தொடர்பான ஒரு வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமையை 14, 21 ஆகிய உறுப்புகளின்வழி ஏற்றது. ஹாம்பர்க் கருத்துரையை வழங்கிய நீதிபதிகளுள் இந்தியாவின் நீரு சாதாவும் ஒருவர்.

மீன் அறியாத எல்லை

கருத்துரையின் மற்றொரு பகுதி நேரடியாக மீனைப் பற்றியது. தனிப் பொருளாதார மண்டலத்துக்கான 61ஆம் உறுப்பும், அதற்கப்பாலுள்ள பெருங்கடலுக்கான 119ஆம் உறுப்பும் மீன்வளத்தை அழியாமல் பேணுமாறு நாடுகளைப் பணிக்கின்றன. இதுவரை அக்கடமை பெரும்பாலும் பிடிப்பின் அளவைக் கட்டுப்படுத்துவதாகவே பார்க்கப்பட்டது. எவ்வளவு பிடித்தால் எவ்வளவு பெருகும் என்று கணக்கிட்டு அளவு வகுப்பர். நீரின் வெப்பமும் அமிலத்தன்மையும் மாறாது என்ற எண்ணம் அக்கணக்கின் அடியில் ஒளிந்திருந்தது. இனி அவ்விரண்டின் விளைவையும் கணக்கில் சேர்த்தே காப்பு நடவடிக்கைகளை வகுக்க வேண்டும் எனத் தீர்ப்பாயம் கூறிற்று.

சூரை மீனைக் கொண்டே இதனை விளங்கிக்கொள்ளலாம். துவாலு உள்ளிட்ட எட்டுப் பசிபிக் நாடுகள் 1982இல் உருவான நவூரு உடன்பாட்டின்படி ஒன்றுபட்டு நிற்கின்றன. பிடித்த மீனின் எடைக்கு மாறாக, கப்பல் கடலில் இருக்கும் நாளுக்குக் கட்டணம் பெறும் முறையை 2007 முதல் அவை பின்பற்றுகின்றன. ஆண்டுக்கு இத்தனை நாள் என்ற உச்சவரம்பும் உண்டு. எடையை மறைக்கலாம், செயற்கைக்கோள் கண்காணிக்கும் நாளை மறைப்பது அரிது. இன்று ஒரு நாளுக்குக் குறைந்த அளவுக் கட்டணமே 8,000 அமெரிக்க டாலர். சிறிய நாடுகள் கூடிச் செய்த மீன்வள மேலாண்மையில் இதற்கு இணையானது அரிது.

ஆனால், சூரை வெதுவெதுப்பான நீரைப் பின்தொடரும் மீன். எல் நினோ ஆண்டுகளில் பசிபிக்கின் சூடான நீர்ப்பரப்பு கிழக்கே நகரும்போது அதுவும் கிழக்கே நகர்வது நன்கறிந்த செய்தி. புவி வெப்பமாதல் தொடர்ந்தால் இந்நகர்வு நிலைத்துப்போய், மீன்கூட்டங்களில் ஒரு பகுதி இத்தீவுகளின் எல்லையைக் கடந்து எவர்க்கும் உரிமையற்ற பெருங்கடலுக்குச் சென்றுவிடும் என ஆய்வாளர் கணிக்கின்றனர். அங்கே பிடிப்பவர் எந்தத் தீவுக்கும் கட்டணம் தரவேண்டியதில்லை. வலையைக் கட்டுப்படுத்தி மீனைக் காத்த நாடு, வேறெவரோ எரித்த நிலக்கரியால் அம்மீனை இழக்கும். அதனால்தான் எல்லை கடந்து திரியும் மீனினங்களுக்காக நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்னும் 63, 64ஆம் உறுப்புகளையும் தீர்ப்பாயம் இதனோடு இணைத்துப் படித்தது.

தமிழகக் கடற்கரையிலும் இவ்வுண்மையைக் காணலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 61ஆம் உறுப்பும் 61 நாளும் ஒத்துவருவது தற்செயலே. நோக்கம் மட்டும் ஒன்று. இனப்பெருக்கக் காலத்தில் வலையிலிருந்து மீனுக்கு அத்தடை விடுதலை தருகிறது. வெப்பத்திலிருந்து விடுதலை தர அதனால் இயலாது. அவ்விரு மாதமும் வருவாயின்றிக் காத்திருக்கும் மீனவர் செய்யும் தியாகம் வீணாகாதிருக்க, கரையில் எரியும் எரிபொருளுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது.

வலிமையும் வரம்பும்

கருத்துரை எவரையும் தண்டிப்பதில்லை. அதனை மீறினால் அபராதம் இல்லை; காவலர் வருவதில்லை. உடன்படிக்கையில் இணையாத நாடுகளும் உண்டு. வரலாற்றில் மிகுதியான புகையை வெளியிட்ட அமெரிக்கா அவற்றுள் ஒன்று. இழப்புக்கு ஈடு யார் தருவது என்ற வினா தன்னிடம் கேட்கப்படவில்லை என்று கூறி, தீர்ப்பாயம் அதற்குள் செல்லவுமில்லை. கடமைகள் எவை என்று மட்டுமே தீவுகள் கேட்டிருந்தன. வினாவைச் சுருக்கமாக அமைத்ததால் விடை உறுதியாகக் கிடைத்தது; ஆனால் பாதியே கிடைத்தது.

மீதிப் பாதி வேறொரு வழியில் வந்தது. 2019இல் வனுவாட்டுத் தீவில் உள்ள தென்பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் பயின்ற 27 மாணவர்கள், காலநிலை மாற்றத்தை உலக நீதிமன்றத்தின்முன் கொண்டுசெல்ல வேண்டும் என முடிவுசெய்தனர். வகுப்பறைப் பயிற்சியாகத் தோன்றிய எண்ணத்தை அவர்கள் விடவில்லை. பசிபிக் அரசுகளுக்குக் கடிதம் எழுதினர். வனுவாட்டு அரசு அதனை ஏற்று முன்னெடுத்தது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பின்றி அக்கோரிக்கையை நிறைவேற்றி, தி ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்திடம் கருத்துரை கேட்டது. இரண்டாவது வினா இங்கே விடுபடவில்லை. கடமை தவறினால் விளைவு என்ன என்றும் கேட்டனர்.

2025 சூலை 23 அன்று அந்நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரை வழங்கியது. பசுமை இல்ல வாயுக்கள் கடல் மாசு என்ற ஹாம்பர்க்கின் முடிவை அதுவும் ஏற்றது. கடமையை மீறுவது பன்னாட்டுச் சட்டப்படி தவறான செயல். மீறிய நாடு அச்செயலை நிறுத்த வேண்டும். தீங்குக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பு மெய்ப்பிக்கப்பட்டால் ஈடுசெய்யவும் வேண்டும் என்றது. தீவுகள் அஞ்சிய மற்றொன்றுக்கும் விடை கிடைத்தது. கடல் உயர்ந்து கரை பின்வாங்கினாலும், முறைப்படி ஒருமுறை வகுத்த கடல் எல்லைக்கான அடிக்கோட்டை மாற்றியமைக்க வேண்டிய கட்டாயம் நாடுகளுக்கு இல்லை. ஒரு நாட்டின் உறுப்புகளுள் ஒன்று மறைவதால் மட்டும் அது நாடென்னும் தகுதியை இழந்துவிடாது.

துவாலு இதற்கு முன்பே, 2023இல், தன் அரசமைப்பைத் திருத்தி, நிலத்துக்கு எது நேரினும் தன் நாட்டுரிமையும் கடல் எல்லையும் நிலையானவை என எழுதிக்கொண்டது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் அங்கே குடியேறலாம். 2025இல் முதன்முறையாக விண்ணப்பம் கோரப்பட்டபோது, நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தனர். சூரை பிடிக்க வரும் கப்பல்கள் அப்போதும் துவாலுவிடம் நாட்கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தன.